கெட்டது ராகமா, மேடை வரிசையா?

"பாவம், நல்ல வித்வத்து. பேண்டில் சேர்ந்து வீணாய்ப் போயிட்டான்." டிசம்பர் சீசனில் எந்தச் சபா வாசலில் நின்றாலும், காபி டம்ளரும் கையுமாக யாரோ ஒருவர் யாரோ ஒருவரைப் பற்றி இப்படி உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார். பெயர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வருஷம் வயலின்காரர், அடுத்த வருஷம் மிருதங்கக்காரர், நடுவில் பாடுகிறவர் ஒருவர். குற்றம் ஒன்றுதான். குருவிடம் முறையாகக் கற்றவர், கிடாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்களோடு சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டுவிட்டார்.

கூடவே சில துணைக் குற்றச்சாட்டுகளும் வரும். காசுக்காகப் போனான். கச்சேரி பண்ணச் சரக்கில்லை, அதனால் போனான். போனதால் கையும் கெட்டது, ராகமும் கெட்டது. இவை சொல்லப்படும் தோரணையைப் பார்த்தால், என்றோ நிரூபித்து முத்திரை குத்திவைத்த விஷயம் என்றே தோன்றும். ஆனால் சாட்சி யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் என்ன?

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'சக்தி' என்ற குழு தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. அதில் சேர்ந்தவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள், பின் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஒலிநாடாவிலும் இசைத்தட்டிலும் கிடக்கிறது. 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த அவர்களுடைய நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்து, மறு வருஷம் கொலம்பியா நிறுவனம் முதல் ஆல்பமாக வெளியிட்டது. கிடாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் வி. ராகவன். சங்கருக்கு அப்போது 25 வயது, ஜாகிருக்கு 24.

முதலில் சரக்கில்லை என்ற பேச்சு. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் இதே விநாயக்ராம். கச்சேரி மேடையில் ஒரு கடக்காரர் அதற்கு மேல் ஏற என்ன உயரம் இருந்தது என்று யாராவது சொல்லட்டும். சங்கரோ, வயலின் என்றால் பாட்டுக்குப் பின்னால் போவதற்கு மட்டும்தானா என்று வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன்மார் வைத்தியநாதன், சுப்பிரமணியத்தோடு மூன்று வயலினாக மேடையேறிப் பழகிய கை அது. கச்சேரியில் இடமில்லாமல் பேண்டுக்கு ஒதுங்கியவர்கள் என்று இவர்களைச் சொல்ல நாக்கு கூச வேண்டும்.

காசு விஷயம் இன்னும் வேடிக்கை. மெக்லாக்லின் அதற்கு முன் நடத்திவந்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா காது கிழியும் எலக்ட்ரிக் சத்தத்தில் பெரிய பெரிய அரங்குகளை நிரப்பிய குழு. சந்தையில் விலைபோன சரக்கு அதுதான். அதை விட்டுவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெருக்கி இல்லாத மர கிடாரைக் கையிலெடுத்தார் மனிதர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றிருந்தார். புதிதாகச் செய்துகொண்ட கிடாரின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார்கள், வீணையில் இழுப்பதுபோல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க. வழக்கமான தந்திகளுக்குக் குறுக்கே, சுருதி ஒலிக்க மட்டும் ஏழு தந்திகள் தனியாக. நம்மவர் போய்க் கெட்டார் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கருவியை ஒருமுறை படத்திலாவது பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தது கிடார்.

காசு ஆசை பற்றிப் பேசும் அதே சபா வட்டத்துக்கு, மதிய நேரக் கச்சேரியில் வாசிக்கும் இளம் பக்கவாத்தியக்காரருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் சம்மானம் எவ்வளவு என்பது நன்றாகவே தெரியும். ஆட்டோவுக்குப் போக மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். அவர் வேறு இடத்தில் சம்பாதித்தால் மட்டும் கலைக்குத் துரோகமாகிவிடும் போலிருக்கிறது.

இனி, 'பேண்டில் வாசிப்பது சுலபம்' என்ற நம்பிக்கை. கச்சேரிக்கு வித்வத்து வேண்டும், பேண்டுக்குத் தலைமுடி போதும் என்கிற கேலி. ஒரு மிருதங்கக்காரர் ஆல்பத்துக்கு வாசித்ததை ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏசி குளிரில் வலக்கைப் பக்கமான வலந்தலையின் சுருதி நகர்ந்துகொண்டேயிருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கல்லை எடுத்துத் தட்டினார். இடக்கைப் பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து ஒருமுறை பிய்த்தெறிந்து புதிதாக அப்பினார். காதில் ஹெட்ஃபோன், அதற்குள் காலப்பிரமாணத்தை இம்மி பிசகாமல் தட்டும் கிளிக். கச்சேரியில் ஸ்வரம் சூடு பிடிக்கும்போது காலப்பிரமாணம் இம்மியளவு ஏறும். பாடுகிறவரும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தே ஏறுவதால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் உற்சாகம் என்று பெயர் வைத்துவிடுவோம். கிளிக்குக்கு உற்சாகம் கிடையாது. முதல் இரண்டு கோர்வையும் சமத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்து விழுந்தன. ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. தொப்பியில் அவர் இழுக்கும் கும்கி என்ற கனத்த நாதமும் பேஸ் கிடாரும் ஒரே ஒலித்தளத்தில் மோதி, இரண்டும் கலங்கிச் சேறானது. பொறியாளர் கும்கியே வேண்டாம் என்றார். கும்கி இல்லாத மிருதங்கமா? கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், பேஸ் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு அவருடைய வரியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு அந்த வரி மூச்சு விடுகிற இடங்களில் மட்டும் கும்கி விழும்படி சொல்லையே மாற்றிக் கட்டினார், உட்கார்ந்த இடத்தில், எழுதாமல். மிச்ச இடமெல்லாம் வலந்தலைச் சாப்பு. சில இடங்களில் பதினாறு மாத்திரை சும்மா. நிரப்பியே பழகிய கைக்குச் சும்மா இருப்பது எத்தனை பெரிய தண்டனை என்பது அவர் விரல்கள் துடையில் துடித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதைச் செய்ய வித்வத்து வேண்டாமா? பாடாந்தரத்தை ஒப்பிக்கிற வித்வத்து போதாது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ராகம் கெடுகிறது என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் லேசாகத் தள்ளப்போவதில்லை. அதில் உண்மை இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ஆடிக்கொண்டேயிருப்பதில்தான் அதன் உயிர். அதற்கடியில் கீபோர்டுக்காரர் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்டாக அழுத்திப் பிடித்துக்கொண்டால், மேலே ஆடுகிற ஸ்வரம் அபஸ்வரம்போல் கேட்கும். பாடுகிறவர் என்ன செய்வார்? ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வார். காந்தாரம் நேராகும், தோடி போய்விடும். இதனால்தான் ஃப்யூஷன் ஆல்பங்களில் ஹம்சத்வனி, மோகனம், கீரவாணி, சாருகேசி என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சஹானாவையும் பேகடாவையும் யதுகுலகாம்போஜியையும் விளக்கு வைத்துத் தேட வேண்டும். ஒத்திகையே இல்லாமல், மேலே ஒரு கீர்த்தனை, கீழே ஒரு டிரம்ஸ் என்று ஒட்டவைத்த ஆல்பங்களும் ஏராளம். அவற்றைத் திட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்து திட்டத் தயார்.

ஆனால் இது கார்டின் பிரச்சினை. அந்தக் கார்டை அங்கே வைத்தே தீருவேன் என்ற சோம்பலின் பிரச்சினை. 'சக்தி'யில் கீபோர்டு கிடையாது, பேஸ் கிடையாது, டிரம் செட் கிடையாது. கிடார் பெரும்பாலும் வயலினோடு ஒற்றை வரியாகவே ஓடும். அப்படி ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்ததே கமகத்துக்கு இடம் விட. அமைப்பைப் பற்றிப் பேசாமல் 'கலப்பு' என்றாலே கேடு என்பது, சமையல் சரியில்லை என்பதற்காக அடுப்பையே அணைக்கச் சொல்வது.

சுருக்கிவிட்டார்கள் என்பது இதன் தங்கைக் குற்றச்சாட்டு. பேண்ட் என்றால் நாலு நிமிஷப் பாட்டு, அதில் ராகத்துக்கு மூச்சு விட நேரமேது என்பார்கள். 'சக்தி'யின் முதல் ஆல்பத்தில் மொத்தம் மூன்றே உருப்படி. முதலாவது 18 நிமிஷம். மூன்றாவது ஏறக்குறைய 29 நிமிஷம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். இன்றைய இரண்டு மணி நேரக் கச்சேரியில் பல ராகம் தானம் பல்லவிகளுக்கு இத்தனை நேரம் கிடைப்பதில்லை. சுருக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி? ஊர் ஊராக இரவெல்லாம் வாசித்த தோடியை, பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் ஓடுகிற 78 சுற்று இசைத்தட்டில் அடக்கினார் அவர். அந்த இசைத்தட்டைக் கேட்டு உருகாத ரசிகர் உண்டா? நிமிஷம் குறைந்தால் ராகம் செத்துவிடும் என்றால், முதலில் செத்திருக்க வேண்டியது அதுதான்.

பொற்காலம் என்று எதைச் சொல்லி இளைஞர்களைத் திட்டுகிறார்களோ, அந்தக் காலத்தையே கொஞ்சம் பார்க்கலாம். 1940இல் வெளிவந்த 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்தவர் ஜி.என். பாலசுப்பிரமணியம், சகுந்தலை எம்.எஸ். முசிரி சுப்பிரமணிய ஐயர் 'துக்காராம்' ஆனார். ராஜரத்தினம் பிள்ளை 'காளமேக'மானார். முகத்தில் அரிதாரம் பூசி, சினிமா ஆர்க்கெஸ்ட்ராவோடு, மூன்று நிமிஷப் பாட்டுப் பாடி நடித்தார்கள். அதனால் ஜி.என்.பி.யின் ஆலாபனை கெட்டது என்று யாரும் இன்று சொல்வதில்லை. வயலினே வெள்ளைக்காரன் வாத்தியம், பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு வந்தார், அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரம் எழுதினார் என்பதையெல்லாம் இந்த விவாதத்தில் எல்லாரும் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதில் நான் நிற்கப்போவதில்லை.

கை கெட்டதா என்பதற்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. 'சக்தி' 1970களின் முடிவில் கலைந்தது. 1980இல் சங்கர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ராக், ஜாஸ் ஆட்களோடு புழங்கிக்கொண்டிருந்தவர். அதே வருஷம் உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கத்தோடு ராகம் தானம் பல்லவி பதிவு செய்தார். பின்னால் ஒரு முழு ஆல்பத்தையே ஐந்து நடைப் பல்லவிக்குக் கொடுத்தார். விநாயக்ராம் சென்னை திரும்பி, தகப்பனார் ஹரிஹர சர்மா தொடங்கிய தாளவாத்தியப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒன்பது வயதில் மேடையேறியவர். 1995இல் கிடார்காரர் மைக்கேல் புரூக்கோடு ஆல்பம் போட்டார், பிறகு மறு அவதாரமெடுத்த 'ரிமெம்பர் சக்தி'யில் பல வருஷம் உலகம் சுற்றினார். 2014இல் 45 வயதில் காலமாகும்வரை கர்நாடகக் கச்சேரியையும் விடவில்லை. 'ரிமெம்பர் சக்தி'க்கு முந்தைய ஸ்ரீநிவாஸ், பிந்தைய ஸ்ரீநிவாஸ் என்று இரண்டு கரகரப்பிரியாவைப் பெயர் மறைத்துப் போட்டுக் காட்டினால், எது 'கெட்ட'து என்று சொல்ல எந்த விமர்சகருக்குத் துணிவு வரும்?

ஆக, கெட்டதற்குச் சாட்சி இல்லை. இருந்தும் உச்சுக்கொட்டல் நிற்பதில்லை. அப்படியானால் நெருடுவது வேறு எதுவோ.

கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிரதானக் கலைஞர். அவருக்கு ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ ஓரமாகவோ பின்னாலோ. அதற்குப் பெயரே உபபக்கவாத்தியம், துணைக்கும் துணை. எந்தப் பாட்டுக்கு எப்போது வாசிக்கலாம் என்பது மிருதங்கக்காரரின் கண்ஜாடையில் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் தன் வேலையை முடித்த பிறகு மிச்சத்தில் ஒரு பங்கு, அதற்குள் அரங்கில் பாதிப் பேர் கேன்டீனில் ரவா தோசைக்குச் சொல்லியாகிவிட்டது. போஸ்டரில் பாடகர் முகம் கால்பக்கத்துக்கு இருக்கும். கடக்காரர் பெயர் கடைசி வரியில், இருந்தால். இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

இப்போது 'சக்தி'யின் மேடை. ஓர் அரைவட்டம். அதில் தபலாவுக்கு நேர்நிகராகக் கடம். முன்னே யாரும் இல்லை. விநாயக்ராம் நாலைந்து நிமிஷம் வாசித்தால் ஜாகிர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார், அடுத்து அவர் எடுப்பார், கிடார் தாளம் போடும். மானாமதுரைக் கடம் ஒன்றுக்கு ஒரு சுருதிதான். கட்டை மாறினால் கடமும் மாற வேண்டும். கச்சேரியில் பாடுகிறவரின் சுருதிக்கு ஒரு கடம் போதும். பல சுருதியில் கடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஸ்வரமாகவே தட்டும் வித்தைக்கு அவர் வளர்ந்ததென்றால், கேட்க ஆளும் நேரமும் இருந்ததால். வயலின் யாரையும் நிழல்போல் தொடரத் தேவையில்லை; லட்சுமிநாராயணா மகன்களுக்கு ஆசைப்பட்ட இடம் அதுதான். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலோ கச்சேரியில் ஏறக்குறைய வழக்கொழிந்து கிடந்த நாட்கள் அவை. 'சக்தி'யின் இரண்டாவது ஆல்பத்தில் ஓர் உருப்படி கொன்னக்கோலோடுதான் தொடங்குகிறது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிரம்ஸ்காரர்கள் தகதிமி சொல்லிப் பழகுகிறார்கள் என்றால் அதற்குச் சபாக்கள் காரணமில்லை.

முதல் ஆல்பத்தின் அட்டையையும் பாருங்கள். ஒப்பந்தம் மெக்லாக்லினுடையது, பெயர் பெற்றவரும் அவரே. ஆனால் அட்டையில் இருப்பது 'சக்தி, உடன் ஜான் மெக்லாக்லின்'. குழு முன்னால், நட்சத்திரம் 'உடன்'. எந்தச் சபா போஸ்டரில் இதைக் கண்டீர்கள்?

பேண்டில் சேர்ந்தவரைப் பற்றிய அங்கலாய்ப்பில், பாடகர் சேர்ந்தால் 'புது முயற்சி' என்றும் பக்கவாத்தியக்காரர் சேர்ந்தால் 'வீணாய்ப் போனான்' என்றும் தொனி மாறுவதைக் கவனித்திருக்கிறேன். வரிசையில் கடைசியில் உட்கார வேண்டியவன் தானாக எழுந்து நடுவில் போய் உட்கார்ந்துவிட்டானே என்ற உறுத்தல் அது. ராகம் ஒரு சாக்கு. விநாயக்ராமின் பள்ளியிலேயே கற்ற சுகன்யா ராம்கோபால், பெண் என்பதாலேயே தன்னோடு மேடையேற மிருதங்கக்காரர்கள் மறுத்ததைப் பொதுவிலேயே சொல்லியிருக்கிறார். அவர் செய்ததென்ன? கடத்தை நடுவில் வைத்து, பெண்களை மட்டும் சேர்த்து, 'ஸ்திரீ தாள் தரங்' என்று சொந்தமாகவே ஒரு குழு அமைத்தார். கச்சேரி இடம் தராதபோது ஆட்கள் குழு கட்டுகிறார்கள். அதைக் கலப்படம் என்பவர்கள், தங்கள் மேடையில் இடம் இருந்ததா என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

2024 பிப்ரவரியில் 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலினில் கணேஷ் ராஜகோபாலன். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கையில் இருந்தது கஞ்சிரா, அதுவும் உபபக்கவாத்தியம்தான். அன்று உச்சுக்கொட்டலைக் காணோம். நம்ம ஊர்ப் பெருமை என்று வாட்ஸாப்பில் பொன்னாடை போர்த்தினார்கள். கிராமியை நான் ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர்க் கோப்பை வந்தால் பெருமை, வராதவரை சீரழிவு என்றால், கேட்கிற காதுக்கு வேலையே இல்லையா?

'சக்தி'யில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதல்ல. எனக்கே ஒன்று உண்டு. இதுவரை எந்தச் சபா வாசலிலும் அது காதில் விழுந்ததில்லை. முதல் மூன்று ஆல்பங்களின் பின்னட்டையில், உருப்படிகளை இயற்றியவர்களாகப் பெரும்பாலும் இருக்கும் பெயர்கள் மெக்லாக்லினும் சங்கரும். மெட்டு போட்டவர் ஆசிரியர். கணக்குப் போட்டவர் வாசித்தவர் மட்டுமே. ஓர் உருப்படியின் எலும்பாக நிற்கும் கோர்வையைக் கடக்காரர் கட்டியிருந்தாலும் அது இயற்றலில் சேராது. அரைவட்டத்தில் சமமாக உட்கார்ந்தவர்கள் அட்டையின் பின்புறத்தில் மறுபடியும் வரிசையாகிவிட்டார்கள். இன்றைக்கும் பேண்ட் ஆல்பங்களில் தாளவாத்தியக்காரருக்கு ஒருமுறைக் கூலியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நிகழ்த்துகிறவருக்கும் ராயல்டியில் பங்குண்டு என்று 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் பல தாளவாத்தியக்காரர்கள் இன்னும் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நாளை ஒரு மிருதங்கக்காரப் பையன் பேண்டில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றால், தோடி கெட்டுவிடும் என்று அவனைப் பயமுறுத்துவதை விட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்து, கோர்வை யார் பெயரில் போகிறது என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.